ஓடினால்தான் சக்கரம்

வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்பியதும், இவ்வாண்டு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி இதழாசிரியர் குழுவினர் கேட்டார்கள். வெனிஸ் நகரத்துப் படகுகளைப் பற்றியோ வியன்னாவின் அரண்மனைகளைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றையும் பார்த்தேன், படமும் எடுத்தேன். ஆனால், ஊர் திரும்பிய பிறகும் என் மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பது ஒரு மலைக் கிராமத்து மரச்சக்கரம்தான். அந்தக் கிராமத்தில் நான் நடந்தது இரண்டு மணி நேரம் இருக்கும். கடினமான மலையேற்றம் ஒன்றுமில்லை. பாட்டிமார்கள் கைத்தடியோடு நடந்து போகும் பாதை.

அந்த நடையில் எனக்குத் தோன்றிய ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பழைய பொருள் எதுவானாலும், அது ஆலையாக இருக்கட்டும், மொழியாக இருக்கட்டும், அதற்கு வேலை கொடுப்பதுதான் அதைக் காப்பாற்றும் வழி. வேலை கொடுக்காமல் மாலை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது நம் கண் முன்னாலேயே வெடித்துப் போகும். இதை நான் மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. அந்த ஆலையை நடத்துபவர் சக்கரத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

மலையும் மொழியும்

நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 2025-ஆம் ஆண்டின் முற்பாதியை ஆஸ்திரியாவில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கழித்தேன். ஜூன் மாத இறுதியில் தேர்வும் முடிந்து, கையிலிருந்த பணமும் முடிந்திருந்த ஒரு வார இறுதியில், உடன் தங்கியிருந்த நண்பர் "செலவில்லாத இடம் ஒன்று இருக்கிறது, வா" என்று அழைத்தார். பிரென்னர் கணவாயைக் கடந்து இரயிலில் இத்தாலிக்குள் நுழைந்தோம். புரூனெக் நகரில் பேருந்து ஏறி, பாடியா பள்ளத்தாக்கு வழியாகச் சென்று, சான் மார்ட்டின் தே தோர் என்னும் ஊரில் வேறு பேருந்துக்கு மாறி, லொஞ்ஜாரூ என்ற கிராமத்தில் இறங்கினோம்.

அந்தக் கிராமம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையில் தானா ராத்தா இருக்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தேயிலை இருக்கும் சரிவுகளில் அங்கே புல் வளர்கிறது. அதற்கு மேலே ஊசியிலைக் காடு. அதற்கும் மேலே டோலமைட் மலைகளின் வெளிறிய பாறைச் சுவர்கள். பூட்டியா என்னும் சிகரம் 2,875 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த டோலமைட் மலைகளை யுனெஸ்கோ 2009-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஊர்ப் பெயர்ப் பலகைதான் என்னை முதலில் நிறுத்தியது. 'லொஞ்ஜாரூ' என்ற பெயரோடு 'காம்பில்' என்று ஜெர்மன் மொழியிலும் எழுதியிருந்தார்கள்; இத்தாலிய வடிவமும் இருந்தது. முதல் பெயர் எந்த மொழி என்று நண்பரைக் கேட்டேன். "லடின்" என்றார். லத்தீன் என்று சொல்லத் தெரியாமல் சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். இல்லை. லத்தீன் மொழியின் பேத்திகளுள் ஒன்றான லடின், இன்றும் இந்த மலைகளில் உயிரோடு இருக்கிறது. அதைப் பேசுவோர் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். அவர்களும் ஐந்து பள்ளத்தாக்குகளில் பிரிந்து வாழ்கிறார்கள். தென் டிரோல் மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் தங்களை லடின் மொழியினர் என்று பதிந்துகொண்டவர்கள் 4.53 விழுக்காட்டினர் மட்டுமே. நம் நாட்டில் நம்மைச் சிறுபான்மையினர் என்கிறோம். முப்பதாயிரம் பேர் என்றால் நம்முடைய ஒரு நடுத்தர நகரத்தின் கூட்டம்கூட இல்லை.

பேருந்து ஓட்டுநரும், கடைக்காரப் பெண்மணியும், பந்து விளையாடிய சிறுவர்களும் அந்த மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு ஆலைகள், ஒரே தண்ணீர்

ஊருக்கு மேலே சேரெஸ், மிஷி என்று இரண்டு குடியிருப்புகள் உள்ளன. இத்தகைய குடியிருப்பை லடின் மொழியில் 'வீலா' என்கிறார்கள். சில பண்ணை வீடுகள் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும். கீழ்ப்பகுதி கல், மேற்பகுதி மரம். சுற்றியுள்ள நிலம் பயிருக்குத் தேவை என்பதால் வீடுகளை நெருக்கிக் கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் ரொட்டி சுடும் அடுப்பையும் பொதுவில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இந்த இரு குடியிருப்புகளுக்கும் இடையே ஓர் ஓடை பாய்கிறது. அந்த ஓடைப் பள்ளத்துக்குப் பெயர் 'வால் டி மொரின்ஸ்'. ஆலைகளின் பள்ளத்தாக்கு என்று பொருள். ஓடைக்கரையில் எட்டு தண்ணீர் ஆலைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன.

ஆலை என்றதும் தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளைக் கற்பனை செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் நம் தோட்டத்து லயன் வீட்டில் ஓர் அறை அளவுதான் இருக்கும். மரப்பலகைச் சுவர், மரச் சீவல் கூரை, பக்கவாட்டில் ஒரு மரச்சக்கரம். மேலே ஓடையிலிருந்து மரக் கால்வாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து சக்கரத்தின் தலையில் விழச் செய்கிறார்கள்.

ஆற்று நீரின் ஓட்டம் அடியில் தள்ளிச் சுற்றும் சக்கரமும் உண்டு. மேலிருந்து விழும் நீரின் எடையால் சுற்றும் சக்கரமும் உண்டு. 1759-ஆம் ஆண்டு ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்து அளந்து பார்த்து, மேலிருந்து நீர் விழும் சக்கரமே ஏறத்தாழ இரு மடங்கு பயன் தருகிறது என்று நிறுவினார். இந்தப் பாடத்தை நான் இரண்டாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் படித்துத் தேர்வும் எழுதிவிட்டேன். ஆனால், ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய அளவு ஓடைத் தண்ணீர் ஒரு கருங்கல்லைச் சுழற்றுவதை நேரில் பார்த்தபோதுதான் அந்தச் சூத்திரத்தின் பொருள் எனக்குப் புரிந்தது.

அந்த ஓடை சிறியது என்பதால்தான் ஆலைகளும் சிறியவை. அதனால்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. மேலே உள்ள ஆலை பயன்படுத்திய தண்ணீர் மறுபடியும் ஓடையில் சேர்கிறது. அதையே அடுத்த ஆலை திருப்பிக்கொள்கிறது. ஒரே தண்ணீர் எட்டு முறை வேலை செய்கிறது. மேலே உள்ளவர் தண்ணீரை அடைத்துக்கொண்டால் கீழே உள்ளவருக்கு மாவு இல்லை. எனவே, அண்டை வீட்டாரோடு பேசிப் பழகி, முறை வைத்துக்கொள்ளாமல் இப்படிப்பட்ட ஆலையை நடத்தவே முடியாது.

இந்த மலையில் ஒரு காலத்தில் பார்லி, ரை, ஓட்ஸ், கோதுமை எல்லாம் விளைந்தன. குளிர்காலத்துக்கு வேண்டிய ரொட்டி இங்கே அரைத்த மாவில்தான். பிறகு சாலை வந்தது, மின்சாரம் வந்தது, சமவெளியிலிருந்து மலிவான மாவு மூட்டைகள் வந்தன. உழவர்கள் தானியத்தை விட்டு மாடு வளர்ப்புக்கும் புல்லுக்கும் மாறினார்கள். சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னாளில்தான் ஊர் மக்கள் விழித்துக்கொண்டு அவற்றைச் சீர்ப்படுத்தினார்கள். இன்று நாம் நடந்துபோய்ப் பார்ப்பது அப்படி மீட்கப்பட்ட ஆலைகளைத்தான்.

பெரியவர் சொன்ன இரண்டு செய்திகள்

நாங்கள் போன அன்று ஓர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலேயே சத்தம் கேட்டது. நீர் விழும் இரைச்சலுக்கு அடியில் ஒரு 'டக டக டக' ஓசை. உள்ளே ஒரு பெரியவர் நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய பேத்தி உடனிருந்தார். ஆசிரியர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருப்பவர். பெரியவர் லடின் மொழியில் சொல்ல, பேத்தி எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

சக்கரத்தின் அச்சு சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. அதில் மரப் பற்கள் வைத்த பெரிய பல்சக்கரம். அது, நிமிர்ந்து நிற்கும் தண்டில் உள்ள சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வெளியே சக்கரம் நிதானமாக ஒரு சுற்று வருவதற்குள் உள்ளே கல் பல சுற்றுகள் சுற்றிவிடுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த அமைப்பு இது. கற்கள் இரண்டு. கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும். மேலே கூம்பு போன்ற மரப்பெட்டியில் தானியம். அதன் அடியில் ஒரு சிறிய தட்டு. சுழலும் தண்டு அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டே இருப்பதால் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் நடுக்குழியில் விழுகிறது. 'டக டக' ஓசை அதுதான். கல் வேகமாகச் சுற்றினால் தட்டும் வேகமாக ஆடும். தானியமும் கூடுதலாக விழும். கணினியும் உணர்கருவியும் இல்லாத தானியங்கிக் கட்டுப்பாடு!

இந்த ஆலையை ஏன் இன்னும் ஓட்டுகிறீர்கள் என்று நான் கேட்டேன். பெரியவர் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சக்கரத்தைக் காட்டினார். அவர் சொன்னவை இரண்டு.

முதலாவது, மரச்சக்கரம் நிற்கக்கூடாது. நனைந்திருக்கும்வரை மரம் உப்பி, இணைப்புகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். நிறுத்திவிட்டால் மேற்பாதி வெயிலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். கீழ்ப்பாதி ஈரத்தில் ஊறி உளுத்துப்போகும். ஒரு பக்கம் கனத்துவிடும். மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டால் ஆடி ஆடித் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். எனவே, சும்மா நிற்கும் சக்கரம், ஓடும் சக்கரத்தைவிட விரைவில் கெட்டுப்போகிறது.

இரண்டாவது, கல் வெறுமையாகச் சுற்றக்கூடாது. இரண்டு கற்களுக்கும் இடையில் தானியம் இருக்கும்வரை கல் கல்லைத் தொடாது. தானியம் தீர்ந்துவிட்டால் கல்லே கல்லை அரைக்கத் தொடங்கும், கொத்தி வைத்த வரிகள் தேயும், தீப்பொறி பறக்கும். இதைத் தடுக்கவே பழைய ஆலைகளில் ஒரு மணி கட்டியிருப்பார்கள். பெட்டியில் தானியம் குறைந்ததும் மணி தானாக அடிக்கும். எங்கோ வேலையாக இருக்கும் ஆலைக்காரர் ஓடிவருவார்.

நிற்கக்கூடாது; வெறுமையாகச் சுற்றவும் கூடாது. இந்த இரண்டும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

பாட்டியின் சொற்கள்

அன்றிரவு விடுதியிலிருந்து ஈப்போவில் இருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். கண்டதையெல்லாம் சொல்ல வேண்டுமென்று ஆசை. சொல்லத் தொடங்கிய உடனே சிக்கிக்கொண்டேன். எனக்குத் தமிழில் சொல் இல்லை. 'வாட்டர் வீல்' என்றேன், 'கியர்' என்றேன், 'மில்ஸ்டோன்' என்றேன். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. கடைசியில் கையைச் சுற்றிக் காட்டினேன். தொலைபேசியில் கையைச் சுற்றிக் காட்டி என்ன பயன்?

பாட்டி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "திரிகல்லத்தான கண்ணு சொல்ற? நடுவுல குழி, அதுல தானியத்தப் போட்டுச் சுத்துறது?" என்றார்.

அவ்வளவுதான். அதன்பிறகு அவர் எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார். கீழ்க்கல்லின் நடுவே நிற்பது முளை. மேற்கல்லைச் சுற்றப் பிடிப்பது பிடி. நடுக்குழியில் தானியத்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும்; மொத்தமாகக் கொட்டினால் கல் இறுகிக்கொள்ளும். தோட்டத்துக்கு அம்மி கொத்துபவர் வருவாராம். உளியும் சுத்தியலுமாக லயத்து வாசலில் உட்கார்ந்து, அம்மியையும் திரிகல்லையும் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பாராம். "கொத்தாத கல்லு வழுக்கும், அரைக்காது" என்றார். மலையில் அந்தப் பெரியவர் கல்லில் வரிகளைக் காட்டிச் சொன்னதும் இதுவேதான். எத்தனையோ ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே வேலையை அறிந்திருக்கிறார்கள். நடுவில் நின்ற பொறியியல் மாணவனாகிய எனக்குத்தான் இருவர் மொழியும் தெரியவில்லை.

பாட்டியின் திரிகல் எங்கள் வீட்டில் இருக்கிறது. தோட்டத்தைவிட்டு வந்தபோது லாரியில் ஏற்றி வந்தார்கள். அதன்மேல் இப்போது ஒரு பூச்சட்டி இருக்கிறது. நான் பிறந்தது முதல் அதைப் பார்த்திருக்கிறேன். அதன் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு மணி நேரத் தாய்மொழி

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். 2015-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழில் நல்ல தேர்ச்சியும் பெற்றேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு நடக்கும். மற்றவர்கள் பேருந்து ஏறிப் போய்விட, நாங்கள் பதினேழு பேர் வெயிலில் காய்ந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்போம். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போனேன். கூடுதல் பாடம் எடுத்தால் மற்றப் பாடங்களின் புள்ளி குறையும் என்று சிலர் சொன்னார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே தமிழை விட்டேன். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதவில்லை. எங்கள் பதினேழு பேரில் கடைசிவரை நின்றவர்கள் நால்வர்.

இதை அந்தப் பேத்தியிடம் சொன்னேன். அவர் தங்கள் கதையைச் சொன்னார். 1918 வரை அவர்கள் மலைகள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலிக்குப் போயின. பாசிச ஆட்சிக் காலத்தில் லடின் தனி மொழியே அன்று, இத்தாலியின் ஒரு வட்டார வழக்குதான் என்று சொல்லி ஒதுக்கினார்கள். லடின் பள்ளத்தாக்குகளையும் மூன்று மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். போருக்குப் பின், 1948-இல், தென் டிரோல் லடின் பள்ளத்தாக்குகளில் ஒரு புதிய பள்ளி முறை வந்தது. பாடங்களில் பாதி ஜெர்மன் மொழியில், பாதி இத்தாலிய மொழியில். லடின் மொழிப் பாடத்துக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். மற்றப் பாடங்களை விளக்கவும் அது துணையாக இருக்கும்.

வாரத்துக்கு இரண்டே மணி நேரம்! நம் தமிழ்ப்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். பினாங்கில் 1816-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணினால் இரு நூற்றாண்டுகளைத் தாண்டிவிட்டோம். இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கணிதமும் உடற்கல்வியும்கூடத் தமிழில். அவர்களுக்குக் கிடைத்ததைவிட நமக்குக் கிடைத்தது பன்மடங்கு அதிகம். ஆனால், அந்தப் பேத்தி லடின் மொழியில் குறுஞ்செய்தி அனுப்புகிறார். அந்த மொழியில் வரும் வார இதழைப் படிக்கிறார். தம் தாத்தாவோடு பல்சக்கரத்தைப் பற்றி விவாதிக்கிறார். நான் பாட்டியோடு பேசச் சொல்லின்றித் திணறினேன்.

பள்ளியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பள்ளி ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறது. சக்கரத்தை ஓடவிடுவதும் நிறுத்துவதும் நம் கையில் இருக்கிறது. நான் நிறுத்தினேன். ஆறு ஆண்டுகளில் காய்ந்துவிட்டது.

சான் மார்ட்டின் ஊரில் லடின் பண்பாட்டு நிறுவனம் ஒன்று 1976 முதல் இயங்கி வருகிறது. அதற்கு மிக்குரா தே ரூ என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இவர் 1833-இல் லடின் மொழிக்கு இலக்கணம் எழுதிய பாதிரியார். அதே ஊரின் பழைய கோட்டையில் 2001-இல் லடின் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இலக்கணமும் வேண்டும், அருங்காட்சியகமும் வேண்டும். ஆயினும் அந்தக் கோட்டையில் நான் பார்த்த பொருள்களைவிட, வெளியே பேருந்து நிறுத்தத்தில் இரண்டு சிறுவர்கள் லடின் மொழியில் சண்டை போட்டுக்கொண்டதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

"அதனால் என்ன பயன்?"

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தவைதான்.

ஒன்று: அந்த ஆலைகள் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுபவைதாமே? அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அன்று அரைத்த மாவை நம்பி யாரும் அந்த ஊரில் உயிர் வாழவில்லை. ரொட்டி மாவு பேரங்காடியிலிருந்து வருகிறது. பயணிகளுக்காக மட்டும் ஓடும் ஆலை பாதி அருங்காட்சியகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும், ஓட்டத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார். பற்களைச் செதுக்கவும், கல்லைக் கொத்தவும், தண்ணீரை அளந்துவிடவும் அவருக்குத் தெரியும். அருகில் நின்று பார்க்கும் பேத்திக்கும் கொஞ்சம் தெரிகிறது. அந்தத் திறமைதான் பாரம்பரியம். 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் தொட்டுணர முடியாத பாரம்பரியப் பட்டியலில் நெதர்லாந்து நாட்டின் காற்றாலை, நீராலைகளை ஓட்டும் தொழிற்கலையைச் சேர்த்தது. அது பட்டியலில் ஏற்றியது ஓட்டுபவரின் கைத்திறனை. அந்நாட்டில் 1972-இல் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, ஓய்வு நாளில் ஆலையை ஓட்டுகிறார்கள். ஓடாவிட்டால் கெட்டுப்போகும் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

இரண்டு: இயந்திரம் பத்து நொடியில் அரைப்பதை ஏன் கல்லில் அரைக்க வேண்டும்? ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்வதை ஏன் தமிழில் திணறிச் சொல்ல வேண்டும்? வேலைச் சந்தையில் ஆங்கிலமும் மலாயும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மூன்று மொழி தெரிந்த லடின் இளைஞர்களும் மறுக்கவில்லை. ஆனால், நான் படித்த படிப்பை என் பாட்டியிடம் சொல்ல முடியவில்லை என்றால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த என் அறிவு யாருக்குப் போய்ச் சேரும்? நான் தெரிந்துகொண்டது வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். அவர் தெரிந்துவைத்திருப்பது அவரோடு போய்விடும். இந்த இழப்பைச் சம்பளச் சீட்டில் காண முடியாது. ஆனாலும் அது இழப்புதான்.

நம் கல்லில் தானியம்

இனி நம் கழகத்துக்கு வருகிறேன். நானும் செயலவையில் இருந்தவன். எனவே இது எனக்கும் சேர்த்துத்தான்.

நம் சக்கரம் நிற்கவில்லை. ஆண்டுதோறும் பொங்கல் கொண்டாடுகிறோம், கலைவிழா நடத்துகிறோம், மேடையில் தமிழை வாழ்த்துகிறோம். ஒலிபெருக்கி கட்டியவர்களுள் நானும் ஒருவன். ஆனால், விழாவுக்கான கூட்டங்களை எந்த மொழியில் நடத்துகிறோம்? குறிப்பேட்டை எந்த மொழியில் எழுதுகிறோம்? 'தமிழ் வாழ்க' என்ற பதாகையை எந்த அளவில் அச்சிடுவது என்பதை ஆங்கிலத்தில் அல்லவா பேசி முடிவு செய்தோம்! கல் சுற்றுகிறது, சத்தமும் பலமாக இருக்கிறது. உள்ளே தானியம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

தானியம் என்று நான் சொல்வது பெரிய இலக்கியத்தை அன்று. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் படிக்கும் பாடம், செய்யும் வேலை, வீட்டில் கேட்ட செய்தி. கணக்கியல் படிக்கும் மாணவி, தன் அத்தை நடத்தும் கூட்டுக்கட்டு முறையைத் தமிழில் எழுதட்டும். மருத்துவம் படிக்கும் மாணவர், தாத்தாவின் இனிப்புநீர் நோயை அவருக்குப் புரியும்படி தமிழில் விளக்கி எழுதட்டும். ஆண்டுக்கொரு முறை, புலத்துக்கு ஒருவர், தம் துறையைப் பற்றித் தம் பாட்டிக்குப் புரியும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி இந்த இதழில் வெளியிட்டால் போதும். கூட்டக் குறிப்புகளை, பிழையோடுதான் என்றாலும், தமிழில் எழுதினால் போதும். இதற்கு மானியம் தேவையில்லை, அனுமதிக் கடிதமும் தேவையில்லை.

இக்கட்டுரையை எழுத எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. பல்சக்கரம், முளை, கொத்துதல் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றேன். ஒற்றுப் பிழைகளைத் தமிழியல் துறைத் தோழி ஒருவர் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு. காய்ந்த சக்கரம் முதல் நாள் நீர் ஒழுகத்தான் செய்யும். ஓட ஓட மரம் உப்பி இறுகிக்கொள்ளும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, திரிகல்லின்மேல் இருந்த பூச்சட்டியை இறக்கி வைத்தது. பாட்டி கீழே துணி விரித்து உட்கார்ந்து, ஒரு கைப்பிடி உளுந்தைப் போட்டுச் சுற்றச் சொன்னார். பல ஆண்டுகளாகக் கொத்தாத கல் ஆதலால் வழுக்கியது. பாதி உளுந்து உடையாமலேயே வெளியே வந்தது. அம்மி கொத்துபவர் இன்னும் யாராவது இருக்கிறாரா என்று பாட்டி பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே, பெட்டியில் தானியம் குறையும்போது மணி அடிக்கும் என்றேன். அன்று தொலைபேசியில் சொல்லின்றித் திணறியபோது எனக்கு அடித்தது அந்த மணிதான். உங்களுக்கும் எப்போதாவது அடித்திருக்கும். அடுத்த முறை அடித்தால், எழுந்து போய் ஒரு கைப்பிடி தானியம் போடுங்கள்.